ஏறாத வெப்பமானி

கோடை தொடங்கிவிட்டது. இந்த வாரம் உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கும்படி உங்களை அழைக்கிறேன். ஒரு பாத்திரத்தில் நொறுக்கிய பனிக்கட்டியை நிரப்புங்கள். அது சற்று நீர் விடத் தொடங்கியதும், பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகத்தில் பயன்படுத்தும் வெப்பமானி ஒன்றை அதனுள் நிறுத்துங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. பின்பு பாத்திரத்தை மிகச் சிறு தீயில் வைத்து, கரண்டியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள்: பூஜ்யம் டிகிரி. மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள்: பூஜ்யம் டிகிரி. தீ எரிகிறது, பாத்திரத்தின் அடி சூடாகிறது, வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. ஆயினும் வெப்பமானி அசைவதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, “அடுப்பு எரியுதா, இல்லையா?” என்று குனிந்து பார்க்கும். கடைசிப் பனிக்கட்டித் துண்டும் கரைந்து மறைந்த பின்னரே அது ஏறத் தொடங்கும்.

அப்படியானால் அதுவரை கொடுத்த வெப்பமெல்லாம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியை முதன்முதலில் அளவுகோலோடு கேட்டவர்களுள் ஒருவர் ஜோசப் பிளாக். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1756 முதல் 1766 வரை பேராசிரியராக இருந்தவர், மருத்துவரும்கூட. அவர் காலத்து அறிஞர்கள், உருகும் நிலைக்கு வந்துவிட்ட பனிக்கட்டிக்கு இன்னும் சிறிதளவு வெப்பம் கொடுத்தால் போதும், அது முழுவதும் நீராகிவிடும் என்று எண்ணினார்கள். பிளாக் அதை ஏற்கவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் மிக எளியது. அது உண்மையாயின், குளிர்காலம் முடிந்து சற்றே வெயில் அடித்தவுடன் மலைகளின் மேலுள்ள பனி அனைத்தும் ஒரே வேளையில் உருகி, ஊர்களை வாரிக்கொண்டு போயிருக்க வேண்டுமே! அப்படி நடப்பதில்லை. வாரக்கணக்கில் வெயில் பட்டும் பனி மெதுவாகவே கரைகிறது.

ஆகவே 1760களின் தொடக்கத்தில் அவர் ஒரு சோதனை செய்தார். ஒரே அளவுள்ள இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகளில் சம அளவு தண்ணீர் ஊற்றினார். ஒன்றைப் பனிக்கட்டியாக உறையவைத்தார். மற்றொன்றை உறையாமல், 33 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் குளிரவைத்தார். 32 டிகிரி என்பது நீர் உறையும் நிலை என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரண்டு குடுவைகளையும், ஏறக்குறைய 47 டிகிரி வெப்பநிலையுள்ள ஒரு பெரிய வெறுங்கூடத்தில் தொங்கவிட்டார். நெருப்பு ஏதும் இல்லை. சுற்றியிருந்த காற்றும் சுவர்களும் தம்மிடமிருந்த வெப்பத்தைக் குடுவைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன.

தண்ணீர் இருந்த குடுவை அரை மணி நேரத்தில் 40 டிகிரியை எட்டியது. பனிக்கட்டி இருந்த குடுவை அதே 40 டிகிரியை எட்டுவதற்குப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. அதாவது 21 மடங்கு காலம்!

ஒரே கூடம், ஒரே காற்று, ஒரே அளவு நீர். ஒன்று அரை மணி நேரத்தில் பெற்ற வெப்பத்தைப்போல் ஏறத்தாழ 21 மடங்கை மற்றொன்று வாங்கிக்கொண்டது. பிளாக் கணக்கிட்டார். அரை மணிக்கு 7 டிகிரி என்றால் 21 அரை மணிகளுக்கு 147 டிகிரி. அதில், உருகிய பின்பு 32இலிருந்து 40 வரை ஏறியதற்கான 8 டிகிரியைக் கழித்தால் மீதி 139. ஏறக்குறைய 140 டிகிரி உயர்த்தக்கூடிய அவ்வளவு வெப்பமும் வெப்பமானியில் ஒரு கோடுகூட ஏறாமல் பனிக்கட்டிக்குள் போய் மறைந்திருந்தது. இன்றைய நுட்பமான கருவிகள் தரும் அளவு 144. ஒரு கூடத்தில் தொங்கிய இரண்டு குடுவைகளைக்கொண்டு ஒருவர் இவ்வளவு நெருங்கிவிட்டார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாயிருக்கிறது.

அந்த வெப்பத்திற்கு அவர், மறைந்திருப்பது எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். நம்முடைய பாடநூல்கள் அதை ‘உள்ளுறை வெப்பம்’ என்கின்றன. எவ்வளவு அழகான தமிழ்! தொல்காப்பியம் ‘உள்ளுறை உவமம்’ என்று ஒன்றைச் சொல்லும். மேலே பேசுவது பூவையும் வண்டையும் நீரையும் மீனையும் பற்றியதாயிருக்கும். உள்ளே உறையும் பொருள் மனிதருடைய நெஞ்சைப் பற்றியதாயிருக்கும். சொல்லப்படாததனால் அது இல்லாமற்போவதில்லை. வெப்பமானி சொல்லாத வெப்பத்திற்கும் அதே சொல் வாய்த்திருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன? பனிக்கட்டியிலுள்ள ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளோடு பிணைந்து, வரிசை பிசகாமல் நிற்கிறது. வெப்பமானி காட்டுவது மூலக்கூறுகளின் அசைவு எவ்வளவு வேகமானது என்பதையே. ஆனால் உருகும் வேளையில் உள்ளே புகும் வெப்பம் அசைவின் வேகத்தைக் கூட்டுவதற்குச் செலவாவதில்லை. பிணைப்புகளைத் தளர்த்துவதற்கே செலவாகிறது. ஆகையால் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. உள்ளே எவ்வளவு போயிற்று என்பதும், வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதும் ஒன்றல்ல.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ பனிக்கட்டியை, வெப்பநிலை மாறாமல், வெறுமனே நீராக மாற்றுவதற்கு ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைப் பூஜ்யம் டிகிரியிலுள்ள ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் அது 80 டிகிரிக்குச் சூடாகிவிடும். கை வைக்க முடியாது. நீர் ஆவியாகும்போது இந்த மறைவு இன்னும் பெரியது. பூஜ்யத்திலிருந்து கொதிநிலை வரைக்கும் ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க ஏறத்தாழ 420 கிலோஜூல் போதும். அந்தக் கொதிநீர் முழுவதையும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் தேவை. ஐந்து மடங்குக்கும் மேல்! அவ்வளவு நேரமும் வெப்பமானி 100இலேயே நிற்கும்.

அந்த வெப்பம் வீணாய்ப் போவதுமில்லை. தாய்மார்களே, நீங்கள் இட்லிக் கொப்பரையை மூடிவைக்கும்போது, மாவின்மேல் படுகிற நீராவி மறுபடியும் நீராகிறது. அப்போது, அடுப்பிலிருந்து தான் வாங்கி உள்ளே வைத்திருந்த வெப்பம் முழுவதையும் அது மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. இட்லி வேகிறதற்கு அதுவே காரணம். கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்ட கை அதிகமாய் வெந்துபோவதும் அதனாலேதான்.

இனி நான் இதை ஏன் எழுதுகிறேன் என்பதைச் சொல்லுகிறேன்.

நான் சந்திக்கிற இல்லங்களில் ஒன்றில், பக்கவாதத்தினால் வலக்கையும் பேச்சும் இழந்த ஒரு சகோதரர் இருக்கிறார். அவருடைய மனைவியின் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே இதை எழுதுகிறேன். பத்து மாதங்களாக அந்தச் சகோதரி ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் கணவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்குகிறார். பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தபடி ‘அ’, ‘ஆ’ என்று வாயசைத்துக் காட்டுகிறார். வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் இரவுதோறும் தொலைபேசியில் அழைக்கிறார்கள். அன்புள்ள பிள்ளைகள்தாம். ஆனால் அவர்களுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அப்பா இன்னைக்கு ஏதாவது பேசினாங்களாம்மா?” அவரும் ஒவ்வொரு இரவும் ஒரே பதிலைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒரு மாலை நான் ஜெபித்துவிட்டு எழுந்தபோது, அவர் வாசலருகே நின்று கேட்டார்: “ஐயா, பத்து மாசமா செய்றேன். செய்றதெல்லாம் எங்கதான் போகுது?”

குறை கூறும் குரலில் அவர் அதைக் கேட்கவில்லை, அழவுமில்லை. கணக்கு முடியாத ஒருவர் கேட்பதுபோலவே கேட்டார். கூடத்தில் தொங்கிய குடுவையைப் பார்த்து பிளாக் கேட்ட அதே கேள்வி!

நான் உடனே பதில் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் உட்கார்ந்து, “அண்ணன் இன்று காலையிலிருந்து என்னென்ன செய்தார்கள், வரிசையாகச் சொல்லுங்கள்” என்றேன். அவர் சொல்லத் தொடங்கினார். முதல் மாதங்களில் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். இப்போது துண்டைத் தாமே இடக்கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம். முன்பெல்லாம் யாராவது பார்க்க வந்தால் கண்களை மூடிக்கொள்வாராம். இப்போது நாற்காலியைக் கண்ணால் காட்டி உட்காரச் சொல்லுகிறாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் இடையில் நின்றுவிட்டார். அவற்றையெல்லாம் அவர் எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்கவில்லை. ஏனெனில் அந்த வீட்டிலிருந்த ஒரே வெப்பமானி, “பேசினாரா?” என்ற அந்தக் கேள்விதான். அது பூஜ்யத்திலேயே நின்றது.

அன்பானவர்களே, இங்கே நான் கவனமாய்ப் பேச விரும்புகிறேன். பனிக்கட்டிக்கு 334 என்று ஓர் எண் உண்டு. அவ்வளவு கொடுத்தால் அது உருகியே தீரும். மனிதருடைய உடலுக்கும் உள்ளத்துக்கும் அப்படிப்பட்ட அட்டவணையை எந்தப் புத்தகமும் தரவில்லை, வேதமும் தரவில்லை. “இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள், கட்டாயம் பேசிவிடுவார்” என்று நான் அந்தச் சகோதரியிடம் சொல்லவில்லை. மருத்துவர்களும் அப்படிச் சொல்லவில்லை. இன்றுவரை அவர் பேசவுமில்லை. இயற்பியலிலிருந்து ஒரு வாக்குத்தத்தத்தைச் செய்து உங்கள் கையில் கொடுப்பது என் நோக்கமன்று.

நேர்மையாய்ச் சொன்னால், அசையாத வெப்பமானி இரண்டு நிலைகளில் ஒரே விதமாய்த் தோன்றும். தீ எரிந்து பனி உருகிக்கொண்டிருக்கும்போதும் அது பூஜ்யம் காட்டும். தீயே இல்லாமல், வெப்பம் புகாத பெட்டிக்குள் பனிக்கட்டியும் நீரும் அப்படியே கிடக்கும்போதும் பூஜ்யம்தான் காட்டும். ஆகையால் ‘வெப்பமானி ஏறவில்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை’ என்பதும் தவறு. ‘வெப்பமானி ஏறவில்லை, ஆகவே உள்ளே ஏதோ பெரிதாய் நடக்கிறது’ என்பதும் தவறு. எது உண்மை என்று அறிய வேண்டுமானால் வெப்பமானியை விட்டுவிட்டுப் பனிக்கட்டியையே பார்க்க வேண்டும். அதன் முனைகள் மழுங்கியிருக்கின்றனவா? அடியில் நீர் சேர்ந்திருக்கிறதா? நான் அந்தச் சகோதரியிடம் கேட்டதும் அதைத்தான். உங்கள் வீட்டிலும் நெடுநாளாய் அசையாத ஒன்று இருக்கலாம். பேச்சுவார்த்தை அற்றுப்போன உடன்பிறப்பாயிருக்கலாம். படிப்பில் மனம் செல்லாத பிள்ளையாயிருக்கலாம். உங்களுக்குள்ளேயே ஆறாத ஒரு துக்கமாயிருக்கலாம். நீங்கள் எந்த ஒரே கேள்வியைக்கொண்டு அதை அளக்கிறீர்கள்? அந்தக் கேள்வியைச் சற்றே ஒதுக்கிவைத்து, முழு நாளையும் ஒருமுறை வரிசையாய்ச் சொல்லிப் பாருங்கள்.

இதுவரை சொன்னது பாதிதான். இதே அறிவியலை மறுபுறம் திருப்பிப் பார்க்கவும் வேண்டும். எனக்கு அதைக் காட்டியவர்கள் மீனவர்கள்.

குமரி மாவட்டக் கடற்கரையில் குளச்சல், தேங்காய்ப்பட்டினம் முதலிய இடங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் பல நாட்கள் கடலிலேயே தங்கும். புறப்படும்போது அவை ஏராளமான ஐஸ் ஏற்றிக்கொள்ளும். பிடித்த மீனை நொறுக்கிய ஐஸோடு அடுக்கடுக்காய் வைப்பார்கள். ஐஸ் எப்படி மீனைக் காக்கிறது? தான் குளிர்ந்திருப்பதனால் மட்டுமல்ல, தான் உருகுவதனால். வெயிலும் எஞ்சினும் கடற்காற்றும் கொண்டுவருகிற வெப்பத்தையெல்லாம் அது தன்மேல் வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு கிலோ ஐஸும் 334 கிலோஜூல் வாங்கி, தானே கரைந்து, மீனைப் பூஜ்யத்துக்கு அருகிலேயே வைத்திருக்கிறது. அங்கே வெப்பமானி ஏறாமலிருப்பது தோல்வியன்று; அதுவே செய்யப்படும் வேலை.

பிரியமானவர்களே, வீடுகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நோயாளியின் கோபத்தை, பிள்ளைகளின் பதற்றத்தை, உறவினரின் அறிவுரைகளை, மருந்துச் செலவின் கவலையைத் தம்மேல் வாங்கிக்கொண்டு, வீடு கொதித்துப்போகாமல் காக்கிறவர்கள். “பத்து மாதமாய் ஒன்றும் மாறவில்லை” என்று நாம் சொல்லுகிறோம். ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதை யாரும் சொல்லுவதில்லை. படுக்கைப்புண் இல்லை, வீட்டில் கூச்சல் இல்லை, மாத்திரை ஒருவேளையும் தவறவில்லை. அந்தப் பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே வைத்திருக்க எவ்வளவு செலவாயிற்று என்று எந்தக் கருவியும் காட்டுவதில்லை.

ஆனால் ஒன்றைக் கேளுங்கள். இந்த வாரம் உங்களிடத்தில் நான் சொல்லவந்ததே இதுதான். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் பெட்டியில் வெப்பமானி எச்சரிக்கை கொடுக்காது. பெட்டி நிறைய ஐஸ் இருக்கும்போதும் பூஜ்யம். பாதி கரைந்தபோதும் ஏறக்குறைய பூஜ்யம். ஒரு கைப்பிடி மீதியிருக்கும்போதும் நன்றாய்க் கலந்திருந்தால் பூஜ்யமே. அந்தக் கைப்பிடியும் கரைந்த பின்பு ஏறத் தொடங்கும். அப்போது தடுப்பதற்கு ஒன்றுமிராது. ஆகவே அனுபவமுள்ள மீனவர் வெப்பமானியை நம்பியிருப்பதில்லை. பெட்டியைத் திறந்து, எவ்வளவு ஐஸ் மிச்சமிருக்கிறது என்று கண்ணால் பார்க்கிறார். குறைந்திருந்தால் உடனே சேர்க்கிறார்.

நாமோ ஆராதனை முடிந்து வாசலில் நின்று, “எப்படி இருக்கீங்க அக்கா?” என்று கேட்கிறோம். அவர்களும், “நல்லா இருக்கோம்” என்கிறார்கள். பூஜ்யம். நாம் திருப்தியாய் வீட்டுக்குப் போகிறோம். உள்ளே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று நாம் பார்க்கவில்லை. ஒருநாள் அந்த அக்கா சமையலறையில் மயங்கி விழும்போது, “நேற்றுக்கூட நன்றாய்த்தானே இருந்தார்கள்” என்று ஆச்சரியப்படுகிறோம்.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நோயாளியை விசாரிக்கப் போகும்போது, நோயாளியைக் காக்கிறவரையும் விசாரியுங்கள். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “கடைசியாய் முழு இரவு தூங்கியது எப்போது? உங்கள் சொந்த வைத்தியத்துக்குப் போனது எப்போது? போன வாரம் வீட்டை விட்டு எங்கேயாவது போனீர்களா?” என்று கேளுங்கள். அவை பெட்டியைத் திறந்து பார்க்கும் கேள்விகள். பதில் கேட்டுவிட்டுச் சும்மா வந்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகே உட்கார நம்மில் ஒருவரால் முடியும். ஒருவேளைச் சாப்பாடு செய்துகொண்டுபோக ஒரு குடும்பத்தால் முடியும். மருந்துக்கடைக்குப் போய்வர ஒரு வாலிபனால் முடியும். வெளியூரிலிருக்கும் பிள்ளைகளே, இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றிரவு அழைக்கும்போது, “அப்பா பேசினாங்களா?” என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். “அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?” என்பது முதலாவதாயிருக்கட்டும்.

அந்தச் சகோதரியின் வீட்டில் இப்போது செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஆண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த இருவர் மாறி மாறி வந்து உட்காருகிறார்கள். செய்தித்தாளை வாசித்துக் காட்டுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் சகோதரி தம் தங்கை வீட்டுக்குப் போய்வருகிறார். முதல் செவ்வாய்க்கிழமை அங்கே போய்ச் சேர்ந்தவுடன் பாயை விரித்துத் தூங்கிவிட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தார். பல மாதங்களுக்குப் பின்பு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இதைப்போன்ற இல்லங்கள் நம்முடைய தெருக்களில் இன்னும் உண்டு. உங்களுக்குத் தெரிந்த வீடு எதுவாயிருந்தாலும் இந்த ஞாயிறுக்குள் ஒருமுறை போய்வாருங்கள். செவ்வாய்க்கிழமையன்றி மற்ற நாட்களில் வரக்கூடியவர்கள் ஆராதனைக்குப் பின்பு என்னிடமோ சபை மூப்பர்களிடமோ பெயரைக் கொடுங்கள். காணாதிருக்கிறதையும் காண்கிற தேவன், உங்கள் வீடுகளில் மறைவாய்ச் செய்யப்படும் உழைப்பை அறிந்திருக்கிறார் என்று நான் விசுவாசிக்கிறேன். நாமும் அதைக் கொஞ்சம் அறிந்துகொள்ளுவோம்.

ஜெபங்களுடன்,
உங்கள் போதகர்